பி5-க்கு வரும் பிஷப்

பள்ளியில் செஸ் ஆடிய வருடங்களில் நான் பயந்த ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசை, ஒன்றே ஒன்றுதான்: ருய் லோபஸ். வெள்ளையின் பிஷப் மூன்றாவது நகர்த்தலிலேயே பி5 கட்டத்துக்கு வந்து என் குதிரையைக் குறிவைக்கும். அப்புறம் இருபது நகர்த்தலுக்கு நெருக்கடிதான். கருப்பு இ5 ஆடினால்தான் ருய் லோபஸ் வரும். அதனால் எதிராளி ராஜாவின் முன் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி இ4 ஆடினால், நான் அதற்கு நேரெதிராக இ5 ஆடவே மாட்டேன். சிசிலியன், பிரெஞ்சு என்று வேறு பதில்களுக்கு மாறி மாறி ஒதுங்கினேன்.

ஒரு நாள் மாலை, வகுப்பு முடிந்த பிறகு, எங்கள் செஸ் சார் நான் தோற்ற பிரெஞ்சு ஆட்டத்தைப் பலகையில் வைத்தார். சி8-இல் இருந்த என் பிஷப்பை விரலால் தொட்டார். முப்பது நகர்த்தல் முடிந்தும் அது நகரவே இல்லை. என் சிப்பாயே அதன் வழியை அடைத்திருந்தது. "எதை ஆடினாலும் ஒரு கஷ்டம் இருக்கும் தம்பி. உனக்குப் பழகிய கஷ்டமா என்று மட்டும் பார்" என்றார்.

அது 2000-ஆம் ஆண்டு. லண்டனில் சவால்விட்ட கிராம்னிக்கும் உலகச் சாம்பியன் காஸ்பரோவும் பட்டத்துக்காக மோதிய சமயம். காஸ்பரோவின் ருய் லோபஸுக்கு கிராம்னிக் கருப்பில் பெர்லின் என்ற பழைய தற்காப்பை எடுத்தார். எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போகின்றன. கருப்பு ராஜா கோட்டை கட்டும் உரிமையை, அதாவது யானையோடு சேர்ந்து ஓரத்தில் பதுங்கும் வாய்ப்பை, இழக்கிறது; சி வரிசையில் கருப்பின் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டையாகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே கருப்புக்குப் பாதகம். ஆனால் ராணி இல்லாத பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவை யார் துரத்துவது? கருப்பின் கையில் இரண்டு பிஷப்புகளும் இருக்கின்றன. தாக்குதலில் நிகரில்லாத காஸ்பரோவுக்குத் தாக்க இடமே கிடைக்கவில்லை. பதினைந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் வெல்லவில்லை. 8½–6½ என்று பட்டம் கிராம்னிக்கிடம் கைமாறியது.

வெள்ளைக்கு ருய் லோபஸ் பலமான ஓப்பனிங்தான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குள் எந்தப் பாதையில் போவது என்பதில் கருப்புக்கும் பங்கு உண்டு. அமைதியாக ஆட பெர்லின். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு ராஜாவின் மேல் பாய, அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஷலின் பெயரால் வழங்கும் மார்ஷல் தாக்குதல். 1918-இல் மார்ஷலே அதைக் கியூபாவின் கபாபிளாங்காவிடம் ஆடித் தோற்றார், ஆனாலும் அந்த வழி இன்றுவரை ஆட்டத்தில் இருக்கிறது.

அடுத்த போட்டியில் நான் இ5 ஆடினேன். பிஷப் பி5-க்கு வந்தது. ராணிகள் போனதும் என் எதிராளி கன்னத்தில் கைவைத்து நெடுநேரம் யோசித்தார்; அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையை நான் சாரோடு பத்துப் பதினைந்து முறை ஆடிப் பார்த்திருந்தேன். ஆட்டம் டிரா. சார் ஸ்கோர் தாளை வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை.