குட்டை தூர்வாருறதுக்கு முன்னாடி வாரியில நடங்க

அவிநாசி, அன்னூர்ப் பக்கம் குட்டை தூர்வாரலாம்னு ஊர் கூடினா, பேச்சு பொக்லைன் வாடகையில தொடங்கும். அதுக்கு முன்னாடி, குட்டைக்குத் தண்ணி கொண்டு வர்ற வாரியில நடந்து பாக்கணுமுங்க. தண்ணி வர்ற வழி அடைஞ்சு கிடந்தா, எத்தனை ஆழம் தோண்டினாலும் குட்டை காஞ்சுதான் கிடக்கும்.

ஒரு குட்டையில தோண்டறது 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம்னா 1,200 கன மீட்டர் மண். ஒரு யூனிட்னா 100 கன அடி, அப்ப ஏறத்தாழ 424 யூனிட். டிராக்டருக்கு ஒரு யூனிட்னு வெச்சாலும் 400 நடைக்கு மேல. எந்த நடை யாரு காட்டுக்குன்னு முன்னயே எழுதி வைக்காட்டி, மண்ணைக் கரை மேலயே கொட்டிருவாங்க. மழை பேஞ்சா அது திரும்ப உள்ளதான் வரும். கரையடியை ஒட்டியும் தோண்டாதீங்க, 3 மீட்டராவது விடுங்க. இல்லாட்டி கரை சரியும்.

வண்டல் மண்ணை அள்ளிட்டுப் போக வட்டாட்சியர் அனுமதி வேணும். பணத்துக்கு, அரசும் ஊரும் சேந்து செலவு போடற நமக்கு நாமே திட்டம் இருக்குதுங்க. மதிப்பீட்டுல பொதுவா குறைஞ்சது மூணுல ஒரு பங்கு ஊர் போடணும். கூலிக்குப் போற வீட்டுக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே வரி போடறது நியாயமே இல்லீங்க. யாரு கிணறு ஊறுதோ, அவங்க கூடப் போடட்டும். மே 1 கிராம சபையிலயே தீர்மானம் போட்டுருங்க. விட்டா அடுத்தது ஆகஸ்ட் 15. ஐப்பசி மழைக்குள்ள வேலை முடியாது.