செஞ்சிக் கரட்டு வாசனைச் செடி, ஒருவழியாகப் பிடிபட்டது

மூன்று வாரம் அலையவிட்டது. செஞ்சிப் பக்கம் ஒரு கரட்டில், பாறை இடுக்கில் இடுப்பளவு நின்ற செடி. நான் இத்தனை நாள் பார்த்ததெல்லாம் ஏரிக்கரைச் சரக்குதான், கோரை, நீர்முள்ளி, பொடுதலை. காய்ந்த கரட்டுக்குப் புதுசு. அதனால் கடைசியில் பேரைப் பார்த்ததும் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

தண்டு நாலு பட்டை, இலை எதிரெதிர், கசக்கினால் புதினாவும் யூகலிப்டஸும் கலந்த காட்டமான வாசனை. துளசிக் குடும்பம் என்பதில் சந்தேகமில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாய்த்துளசியில் ஏதோ பெரிய வகை என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டு, உறுதிக்கு விதையைத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சப்ஜா மாதிரி வழவழவென்று ஊறி நின்றது. வேறென்ன வேண்டும்? நாலு பேருக்குப் படமெடுத்து அனுப்பிப் பெருமையும் அடித்தாகிவிட்டது.

தப்பு. விதை இப்படி ஊறுவது துளசி இனத்துக்கு மட்டும் உள்ள குணமில்லை.

உண்மையைச் சொன்னது புல்லிவட்டம், பூவின் அடியில் இருக்கும் பச்சைக் குழாய், விளிம்பில் ஐந்து பல். துளசியில் மேல் பல் ஒன்று மட்டும் அகலமாக, வட்டமாக, ஓரம் குழாய்மேல் இறங்கி வரும். இதில் ஐந்து பல்லும் ஒரே அச்சு, ஊசிமுனை, குழாயில் 10 வரி. இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் ஆனது, காரணம் லென்ஸ். ஆன்லைனில் 30 மடங்கு என்று போட்டு விற்றதை வாங்கித் தொலைத்தேன். எந்தத் தூரத்தில் பிடித்தாலும் கலங்கல், ஓரத்தில் வானவில். கடைசியில் நகைத்தொழில் சாமான் விற்கும் கடையில் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். செடி பார்க்க அது போதும், அதற்குமேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை அருகே கொண்டுவர வேண்டும், லென்ஸைப் பூவருகே கொண்டுபோகக் கூடாது. எனக்கு இது உறைக்கவே ஒரு வாரம்.

அப்புறம் விதை. துளசியில் சின்னதாக நாலு இருக்கும். இதில் பெரும்பாலும் இரண்டுதான், தட்டையாக, பெரிதாக, நுனியில் சின்ன வெட்டோடு.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது பூ. வெளிர் ஊதா, ஒரு செ.மீ.கூட இல்லை. கீழுதட்டின் நடுமடல் பை மாதிரி மகரந்தத்தாள்களை மடக்கி வைத்திருக்கிறது. ஊசி முனையால் லேசாகத் தொட்டேன், மடல் சட்டென்று கீழே மடங்கியது, தாள்கள் எகிறின, லென்ஸில் மகரந்தத் தூள். பூச்சி வந்து உட்கார்ந்தால் அதன் வயிற்றில் அடிக்கும் ஏற்பாடு. ஒரு பூவுக்கு ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும் என்று தெரியாமல், அதே பூவை இன்னும் நாலு தரம் குத்திக்கொண்டிருந்தேன்.

பேர்: ஹிப்டிஸ் சுவாவியோலென்ஸ். இப்போது மீசோஸ்பீரம் சுவாவியோலென்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். பின்பாதிக்கு லத்தீனில் நறுமணமுள்ளது என்று பொருள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து தரிசு, சாலையோரம், காட்டோரம் என்று பரவிக் கிடக்கும் களை. அபூர்வம் என்று நான் பொத்திப் பொத்தி எடுத்து வந்தது இதைத்தான். கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா முதல் நாளே சொன்னார், "அத ஆடு வாய் வைக்காது தம்பி, எங்க பாத்தாலும் மொளைக்குது." கேட்டிருக்க வேண்டும்.

காயவைக்க எடுத்த செடி இன்னும் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தத்தில் இருக்கிறது, செய்தித்தாள் நாளைக்கு மாற்ற வேண்டும். அதற்குள் மனசு கரட்டு உச்சிக்குப் போய்விட்டது, அங்கே தடித்த இலையோடு ஒன்று நிற்கிறது, அதே துளசிக் குடும்பத்துக் கூர்க்கன் சாதியோ என்னவோ, இந்த முறை முகர்வதற்கு முன்னால் பூவைத் திறந்து பார்க்கப்போகிறேன். ஊறவைத்த விதையைத் தோட்டத்தில் கொட்டாமல் அடுப்பில் போட்டேன். கால்சட்டை மடிப்பில் ஊசிப் பல்லால் ஒட்டிக்கொண்டு வந்த புல்லிவட்டங்களை இன்று காலை எண்ணினால் பதினொன்று.