ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை எப்போது அணைப்பது? பந்தய உரிமத் தேர்வுக்குத் தயாரான அனுபவம்

பிரிட்டனில் கார் பந்தய உரிமம் எடுக்கப்போகிறேன் என்றதும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டுத்தானே ஓட்டணும்?” சக்கரம் பிடிப்பை இழந்து வெறுமனே சுற்றாமல் தடுக்கும் மின்னணு ஏற்பாடுதான் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல். கேட்கிற தொனியிலேயே பதிலும் ஒளிந்திருக்கும். அணைப்பவன் வீரன், அணைக்காதவன் பயந்தாங்கொள்ளி. படித்துப் பழகித் தேறிய பிறகு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவு சுவாரசியமானதில்லை. அணைப்பது பாடத்தின் கடைசிப் பகுதி. அதற்கு நீங்கள் தயாரா என்பதை அந்த ஏற்பாடு குறுக்கிடும்போதெல்லாம் டாஷ்போர்டில் மினுங்கும் சின்ன மஞ்சள் விளக்கே சொல்லிவிடும்.

முதலில் தேர்வைப் பற்றி. இங்கே பந்தயத்தில் இறங்க, மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் மோட்டார்ஸ்போர்ட் யுகே அமைப்பு தரும் உரிமம் வேண்டும். அதற்கு, பந்தய ஓட்டுநர் பள்ளிகளின் சங்கத்தின் பெயர்ச்சுருக்கத்தால் ‘ஆர்ட்ஸ்’ (ARDS) என்று அழைக்கப்படும் தேர்வு. அரை நாள் வேலை. ஒரு வீடியோ, ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு பயிற்றுநர் பக்கத்தில் உட்கார நீங்கள் டிராக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வில், டிராக் ஓரத்தில் ஓட்டுநர்களுக்குக் காட்டும் சைகைக் கொடிகளைப் பற்றிய கேள்விகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. ஓட்டும் பகுதியில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோட்டில், ஒரே இடத்தில் பிரேக் பிடித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, காரைக் கட்டுக்குள் வைத்து ஓட்டுகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இந்த ஒன்று புரிந்தாலே தயாரிப்பின் திசை மாறிவிடும். காரின் வாலை, அதாவது பின்பகுதியை, ஆட்டிக் காட்டினால் மதிப்பெண் குறையுமே தவிர ஏறாது.

நான் பழகியது பழைய டொயோட்டா ஜிடி86 ஒன்றில். 2 லிட்டர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். புதிதாக விற்றபோது அதில் போட்டிருந்தது மிச்சலின் பிரைமசி டயர். பிரியஸ் காரிலும் பார்க்கக்கூடிய ரகம். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் இப்படி ஒரு சாதுவான டயர் என்று பலர் கேலி செய்தார்கள். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்லது கிடையாது. பிடிப்பு குறைவான டயர் குறைந்த வேகத்திலேயே சறுக்க ஆரம்பிக்கும், மெதுவாகச் சறுக்கும், திருத்திக்கொள்ள நேரம் தரும். 500 குதிரைத்திறனும் அகலமான டயரும் உள்ள காரில் பிடிப்பின் எல்லை வரும்போது வேகம் எங்கேயோ போயிருக்கும். புதிதாகக் கற்க நினைப்பவர்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான்: சக்தி குறைந்த காரில் தொடங்குங்கள். கௌரவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அணைக்கும் அந்த விசை (ஸ்விட்ச்) உண்மையில் என்ன செய்கிறது என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் வேகம் அளக்கும் சென்சார் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றினால், அது பிடிப்பை இழந்துவிட்டது என்று ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் முடிவு செய்கிறது. உடனே எஞ்சின் தரும் சக்தியைக் குறைக்கும், தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வேறு சங்கதி. ஸ்டியரிங்கை நீங்கள் எவ்வளவு திருப்பியிருக்கிறீர்கள், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். போஷ் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1995-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 1997-இல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையில் மெர்சிடிஸின் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்ததும், அந்தச் சிறிய காரிலும் இதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள்.

இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல சாட்சி போர்ஷே கரேரா ஜிடி. 600-க்கும் மேல் குதிரைத்திறன்; ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்சக்கரம் லேசாகி வால் சுழலும். அப்போது சக்கரம் வெறுமனே சுற்றவில்லை, ஆகவே ட்ராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அங்கே வேலையே இல்லை. ஆன் செய்திருக்கிறேன், எதுவும் ஆகாது என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். இரண்டு ஏற்பாடுகளுமே பிடிப்பை உற்பத்தி செய்வதில்லை. தேய்ந்த டயருக்கும் தேங்கிய தண்ணீருக்கும் அவற்றிடம் மருந்து கிடையாது.

இனி படித்த விதம். நான் அதிகம் பழகியது சில்வர்ஸ்டோனின் நேஷனல் சுற்றில்; 1.64 மைல், அதாவது சுமார் 2.64 கிலோமீட்டர். பந்தய வரலாறு தெரிந்தவர்களுக்குச் சில்வர்ஸ்டோனை அறிமுகப்படுத்த வேண்டாம். இரண்டாம் உலகப்போர் கால விமானத்தளம், 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்த இடம். நேஷனல் சுற்றில் காப்ஸ், பெக்கெட்ஸ், ப்ரூக்லேண்ட்ஸ், லஃபீல்ட் என்று சில வளைவுகள்தான். அதில் லஃபீல்ட்தான் என் வகுப்பறை. வலப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், முடியவே முடியாதது போன்ற நீண்ட வளைவு. மெதுவான வேகம், ஸ்டியரிங் திரும்பியபடியே இருக்கும், பொறுமை போய்விடும், கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தும். மழை பெய்த காலையில் அழுத்தினால் விளக்கு மினுங்கும்.

அந்த மினுங்கலைத்தான் நான் பாடமாக எடுத்துக்கொண்டேன். எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஆன் செய்து வைத்துக்கொண்டு, விளக்கு ஒருமுறைகூட எரியாமல் ஒரு சுற்றை முடிப்பது என்று இலக்கு. சுற்று முடிந்து, டிராக் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் எந்த வளைவில், வளைவின் எந்தப் பகுதியில் மினுங்கியது என்று எழுதி வைப்பேன். விளக்கு எரிகிறது என்றால் என் கால் கேட்டதை டயரால் தர முடியவில்லை என்று பொருள். கம்ப்யூட்டர் அதை மறைத்துச் சரிசெய்துவிட்டது. அணைத்திருந்தால் அதே இடத்தில் கார் சறுக்கியிருக்கும். அதாவது, எங்கே சுழலப்போகிறோம் என்பதன் முழுப் பட்டியலும் சுழலாமலேயே கைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு மலிவான பயிற்சியை விட்டுவிட்டு முதல் நாளே விசையை அணைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

விளக்கை அடக்குவது எப்படி? டயரின் பிடிப்பு ஒரு குடம் தண்ணீர் மாதிரி. திரும்புவதற்கும் முன்னே தள்ளுவதற்கும் அதே குடத்திலிருந்துதான் மொண்டாக வேண்டும். ஸ்டியரிங் நிறையத் திரும்பியிருக்கும்போது ஆக்சிலரேட்டருக்கு மிச்சம் கொஞ்சமே. கை நேராக நேராகத்தான் கால் இறங்கலாம். என் பயிற்றுநர் இதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “உன் கைக்கும் காலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்.” லஃபீல்டில் கை நேராவதற்காகக் காத்திருந்து மெல்ல அழுத்தியபோது விளக்கு அடங்கியது, அதைவிட முக்கியம், அடுத்த வளைவான வுட்கோட்டில் கார் முன்பைவிட வேகமாகப் போனது. மழை நாளில் இன்னொரு தந்திரமும் உண்டு. உலர்ந்த நாட்களில் எல்லோரும் ஓட்டி ஓட்டி ரப்பர் படிந்த கோடு, ஈரத்தில் வழுவழுவென்று ஆகிவிடும். அந்தக் கோட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சொரசொரப்பான தாரைத் தேடி ஓட்டினால் பிடிப்பு கூடும். இதை எனக்குக் காட்டிக்கொடுத்ததும் விளக்குதான். ஒரே வேகம், ஒரே அழுத்தம், பாதை மட்டும் மாறியது, மினுங்கல் நின்றது.

அடுத்தது சறுக்குத் தளப் பயிற்சி, இங்கே ‘ஸ்கிட் பேன்’ என்பார்கள். வழுக்கும் தரையில் வேண்டுமென்றே காரைச் சறுக்கவிட்டு மீட்கப் பழக்குவார்கள். டிராக்கில் அணைப்பதற்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள், அந்தப் பணம் வீண்போகாது. வால் இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கும் இடப்பக்கம் என்பது புத்தகத்தில் எல்லோருக்கும் தெரியும். உடம்புக்குத் தெரியாதது அதற்கடுத்த நொடி. பின்சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ளும் கணத்தில் ஸ்டியரிங்கை நேராக்கத் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் இன்னும் மூர்க்கமாக வீசப்படும். முதல் சறுக்கலைவிட இந்த இரண்டாவதுதான் பெரும்பாலானவர்களைச் சுவரில் கொண்டுபோய் விடுகிறது. கண் போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும், மோதப்போகும் சுவரை அல்ல. கை கண்ணைத் தொடரும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல் இளக்க வேண்டும். எல்லாம் கைமீறிச் சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அழுத்திக் காரை நிறுத்துவதுதான் வழி.

இவ்வளவுக்கும் பிறகே விசை. அதிலும் படிகள் உண்டு. ஜிடி86-இல் பட்டனைச் சற்றே தொட்டால் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் அணையும், வேகம் கூடினால் தானாகத் திரும்பி வந்துவிடும். கார் நின்றிருக்கும்போது சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டெபிலிட்டியும் சேர்ந்து அணையும். நடுவில் ‘ஸ்போர்ட்’ என்றொரு நிலை. கொஞ்சம் சறுக்க அனுமதித்துவிட்டு, எல்லை மீறினால் கையைப் பிடிக்கும். பிஎம்டபிள்யூ எம் கார்களில் எம் டைனமிக் மோட், ஃபெராரியில் ஸ்டியரிங்கில் உள்ள மனெட்டினோ என்ற திருகில் ரேஸ், சிடி ஆஃப் (ட்ராக்‌ஷன் அணைப்பு), ஈஎஸ்சி ஆஃப் (ஸ்டெபிலிட்டியும் அணைப்பு) என்று படிப்படியாக, மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி ஆர் காரில் 9 படிகள் கொண்ட திருகு. எந்தக் காராக இருந்தாலும் ஓனர்ஸ் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள். அணைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பவர் பலருக்குப் பாதிதான் அணைந்திருக்கும்.

நான் பெரும்பாலான நேரம் நடுவிலுள்ள ‘ஸ்போர்ட்’ நிலையிலேயே பழகினேன். முழுவதும் அணைத்தது உலர்ந்த நாளில், டயர் சூடான பிறகு, வெளியே ஓட இடம் இருக்கும் வளைவுகளை மனதில் குறித்துக்கொண்டு. விளக்கைப் பார்த்துப் பழகியிருந்ததால் அதிர்ச்சி எதுவும் இல்லை. இருக்கையில் இடுப்புக்குக் கீழே ஒரு மெல்லிய நகர்வு. முன்பு விளக்கு சொன்னதை இப்போது உடம்பு சொன்னது. உடம்பு சொல்வது கேட்கத் தொடங்கிய பிறகு மறுபடி ஆன் செய்து ஓட்டினாலும் விளக்கு எரிவது அபூர்வமாகிவிட்டது.

அணைத்தால் நேரம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரண சாலைக் காரில், முழு ஆன் நிலையில் அது தேவைக்கு மேல் சக்தியைக் குறைப்பதால் சற்று இழப்பு உண்டு, உண்மைதான். ஆனால் பந்தயத்துக்கென்று செதுக்கிய கன்ட்ரோல் மனிதக் காலுக்குச் சளைத்ததல்ல. ஃபார்முலா ஒன்னில் 1994-இல் தடை செய்தார்கள், 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து மீண்டும் அனுமதித்தார்கள், 2008-இல் எல்லா அணிகளுக்கும் பொதுவான கம்ப்யூட்டரைக் கொடுத்து மறுபடி தடை செய்தார்கள். அது காரை மெதுவாக்கும் என்றால் யாரும் இவ்வளவு மெனக்கெட்டுத் தடுத்திருக்க மாட்டார்கள். ஓட்டுநரின் திறமை தெரிய வேண்டும் என்பதே அங்கே வாதம்.

தேர்வு நாளன்று பெரும்பாலும் பந்தயப் பள்ளியின் கார்தான். எந்த நிலையில் கொடுக்கிறார்களோ அப்படியே ஓட்டுங்கள், பட்டனைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். வேகத்தை ஒரு படி குறைத்துக்கொண்டு, கோடு மாறாமல் சுற்றுங்கள். எழுத்துத் தேர்வில் சிவப்பும் மஞ்சளும் நெடுக்குப் பட்டைகளாக உள்ள கொடியை மறக்காதீர்கள்; முன்னே எண்ணெயோ தண்ணீரோ சிந்தி டிராக் வழுக்குகிறது என்று அர்த்தம். மஞ்சள் கொடியில் முந்தக்கூடாது. தேறியதும் முதல் சில பந்தயங்களுக்குக் காரின் பின்னால் மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறி ஒட்ட வேண்டும், புதியவர் என்று மற்றவர்களுக்குத் தெரிய.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ படிப்பவர்களுக்கு இதில் பாதி தேவையே இருக்காது. இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் டிராக்கிலும் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் மாருதி ஸ்விஃப்ட் எஞ்சின் உண்டு, அணைப்பதற்கு விசை கிடையாது. அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். காலும் இடுப்பும் முதல் நாளே பாடம் கேட்டாக வேண்டும்.

சாலையில் அணைக்கலாமா என்று கடைசியில் எப்போதும் ஒருவர் கேட்பார். கூடாது. மணலிலோ பனியிலோ சிக்கி, சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் வெளியே வர முடியும் என்ற நிலையைத் தவிர. பிரிட்டனில் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் டிராக்கில் ஓட்டுவதை ஏற்காது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டிராக்கிலிருந்து வீடு திரும்பும் முன் எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலான கார்களில் எல்லாம் பழையபடி ஆன் ஆகிவிடும். ‘ஆஃப்’ விளக்கு டாஷ்போர்டில் இல்லை என்று பார்த்து, டயர் காற்றழுத்தத்தையும் சரிபார்த்துவிட்டு கேட்டைத் தாண்டுங்கள்.