வால்டாக்ஸ் ரோடு: பிளாட்பாரத்து நாட்கள்

நவம்பர் 3

சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோடு வழியாகத்தான் தினமும் கடைக்கு நடக்கிறேன். பேப்பர் மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. 18ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜார்ஜ் டவுனான கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பிய வெள்ளைக்காரர்கள், அந்தச் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகப் போட நினைத்தார்கள். ரோட்டின் பெயர் அப்படி வந்தது. மதிலின் மிச்சம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. இங்கே பார்சல் ஆபீஸ்கள், அவற்றின் சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டி வாழும் குடும்பங்கள்.

இன்று ஐந்தரைக்கே வந்துவிட்டேன். அதற்குள் பெண்கள் எல்லாரும் குளித்து முடித்திருந்தார்கள். "இருட்டுலயே முடிச்சிடணும் கண்ணு. வெளிச்சம் வந்தா எங்க போயி குளிக்கிறது?" என்றார் பூக்கார ஆயா. அவர் பிறந்ததே இந்தச் சுவரோரத்தில்தான்.

நவம்பர் 4

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியும் முன்பே பத்ரியன் தெருவுக்கு நடந்து போய் உதிரி மல்லி வாங்கி வந்துவிடுகிறார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் ரோட்டைப் பார்க்கிறது, கை பாட்டுக்குக் கட்டுகிறது. நானும் முயன்றேன், நூலை இழுத்ததும் மொட்டெல்லாம் உதிர்ந்தது. "இறுக்காத, பூவுக்கு நோவும்" என்று நூலை வாங்கிக்கொண்டார்.

முழம் போடும்போது முழங்கைக்கு மேல் இரண்டு விரல் தள்ளித்தான் கிள்ளுகிறார். நஷ்டம் இல்லையா என்று கேட்டேன். "நாளைக்கும் அவங்க என்கிட்டதான வரணும்?"

விற்காத சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார். மறுநாள் அது பாதி விலைக்குத்தான் போகும். மொட்டு விரியும் முன் வாங்கி, கட்டி, விற்றாக வேண்டும். அவருடைய பிழைப்பு முழுக்க இந்தச் சில மணி நேரத்துக்குள் இருக்கிறது.

நவம்பர் 7

ஆயாவின் பேத்தி ஏழாம் வகுப்பு. கடைப்படியில் எங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் எழுதுகிறாள். இன்று பின்னங்களைக் கூட்டும் கணக்கு, இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 9

வீட்டில் அண்ணனோடு சண்டை. "கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு அரசாங்கம் வீடு கட்டிக் கொடுக்குதே, பிளாட்பாரத்து ஜனங்க போனா என்ன?" என்கிறான். 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது என்பது அவன் வாதம்.

வீடு வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து கண்ணகி நகர் 20 கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன் பத்ரியன் தெருவில் நிற்க வேண்டியவர் எத்தனை மணிக்கு எழுந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? மூட்டை தூக்குகிறவர்களும் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்களும் லாரி வந்ததும் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் கூலி. குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தபோது பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்: பக்கத்திலேயே கொடுங்கள். அண்ணன் பதில் சொல்லாமல் டிவியைப் போட்டான். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

நவம்பர் 12

நேற்று ராத்திரி முழுக்க மழை. காலையில் கணுக்கால் அளவு தண்ணீர், சாக்கடையும் கலந்து. அடுப்பு எரியவில்லை, அம்மா உணவகத்திலிருந்து யாரோ எல்லாருக்கும் இட்லி வாங்கி வந்திருந்தார்கள். இன்னும் ஒரு ரூபாய்தான் ஒரு இட்லி.

ஆயா பூவுக்குப் போகவில்லை. எங்கள் ஷட்டர் ஓரம் பேத்தியோடு நின்றுகொண்டிருந்தார். நனையாமல் இருந்தது மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் ஒன்றுதான். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, பேத்தியின் பிறப்புச் சான்றிதழ். முன்பு ஒரு மழையில் ரேஷன் கார்டு கரைந்துபோய், புதிது வாங்க அலையாய் அலைந்தாராம். விலாசம் என்ன என்ற கேள்வியைத் தாண்டவே முடியவில்லையாம்.

"இத்த உங்கிட்ட வெச்சிக்கிறியாம்மா?" என்று நீட்டினார்.

முதலாளியிடம் கேட்டேன். சரி என்றார். கணக்குப் புத்தகம் வைக்கும் இரும்பு பீரோவில் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். சாவி எங்கே இருக்கும் என்று பேத்திக்கும் காட்டினேன்.