சராசரியை நம்பி சிப் வடிவமைக்க முடியாது

நான்கு ஆண்டெனாக்களிலிருந்து ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் கிளம்பும் நான்கு குறியீடுகள் கலந்தே வந்து சேர்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் சுற்றை வடிவமைப்பது என் பிழைப்பு. 64-க்யூஏஎம் (ஒரு குறியீடு 64 வடிவங்களில் ஒன்றாக இருக்கும் பண்பேற்ற முறை) என்றால் ஆண்டெனாவுக்கு 64 வாய்ப்புகள். நான்குக்கும் சேர்த்து 1,67,77,216. அத்தனையையும் சோதித்தால் மிகச் சிறந்த விடை கிடைக்கும். யாருக்கு நேரம் இருக்கிறது?

குறியீடுகள் எப்படிக் கலக்கின்றன என்பதை எண்களாகச் சொல்வது சேனல் அணி (matrix). அதன் நேர்மாறால் பெருக்குவது மலிவான வழி. ஆனால் அணியின் நிரல்கள் ஒன்றையொன்று ஒத்துப்போனால் இரைச்சலும் சேர்ந்து ஊதிப் பெருகும். இரைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் எம்எம்எஸ்இ முறை அதை ஓரளவு அடக்கும். அடிநிலையத்தில் நூறு ஆண்டெனா, பயனர் பத்துப் பேர் என்றால் அதுவே போதும். அனுப்ப நான்கு, வாங்க நான்கு ஆண்டெனா என்றால் போதாது.

அடுத்து, கோளத் தேடல். அணியை க்யூஆர் முறையில் பிரித்தால், மூலைவிட்டத்துக்குக் கீழே எல்லாம் சுழியமான மேல் முக்கோண அணி கிடைக்கிறது. அதன் கடைசி வரியில் தெரியாதது ஒரே ஒரு குறியீடுதான். அங்கிருந்து கிளை கிளையாகப் போய், வந்த சிக்னலிலிருந்து குறித்த தூரத்தை, அதாவது கோளத்தின் ஆரத்தைத் தாண்டும் கிளைகளை வெட்டிவிடலாம். விடையின் தரம் குறையாது. ஆய்வுக் கட்டுரைகள் சோதிக்கும் கிளைகளின் சராசரி எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. இரைச்சல் மிகுந்தால் அதே தேடல் பல மடங்கு நீளும். அடுத்த குறியீடோ காத்திருக்காது. ஆண்டெனாக்கள் கூடக்கூட அந்தச் சராசரியும்கூட அடுக்குக்குறி வேகத்தில்தான் வளரும் என்று ஆய்வாளர்கள் ஜால்டெனும் ஓட்டர்ஸ்டெனும் 2005-இலேயே நிறுவிவிட்டார்கள்.

எனவே என் கட்சி கே-பெஸ்ட்: ஒவ்வொரு அடுக்கிலும் சிறந்த 'கே' பாதைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் தேடல். மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி எனப் பிரித்தால் எட்டு அடுக்குகள், கிளை பிரியும் ஒவ்வொரு கணுவுக்கும் எட்டுக் கிளைகள். அடுக்குக்குச் சிறந்த பத்தை மட்டும் வைத்துக்கொண்டால் முதலில் 8, பிறகு 64, அதன்பின் ஆறு முறை 80. மொத்தம் 552 கணக்குகள். எந்தச் சேனலிலும் இதே 552. அந்த 80-ஐ வரிசைப்படுத்தும் சுற்றுதான் சிப்பில் இடத்தைத் தின்னும். அதற்கும் வழி உண்டு: பத்துக் கணுக்களிலும் மிக நெருங்கிய கிளையை மட்டும் முதலில் கணக்கிட வேண்டும், அவற்றில் சிறந்ததை எடுத்ததும் அதே கணுவின் அடுத்த கிளையை அந்த இடத்தில் வைக்க வேண்டும். 80 கணக்குகள் 19 ஆகிவிடும்.

சரியான பாதை நடுவில் பத்துக்கு வெளியே விழுந்தால் போனது போனதுதான். உடனே பத்தைப் பதினாறாக்க ஓடுகிறார்கள். அதற்கு முன், வலுவான குறியீடு முதலில் வரும்படி நிரல்களை இடம் மாற்றிப் பாருங்கள். க்யூஆர் கணக்கோடு கணக்காகவே அது முடிந்துவிடும். முதல் அடுக்குகளில் தவறு குறையும்.

எனக்கு இன்னும் தலைவலி தருவது வேறொன்று. பிழைதிருத்திக்கு ஒவ்வொரு பிட்டின் நம்பகத்தன்மையும் வேண்டும். கையிலிருக்கும் பத்துப் பாதைகளும் ஒரு பிட்டை 1 என்றே சொன்னால், 0-உடன் ஒப்பிட எதுவுமில்லை. அந்த இடத்தில் ஓர் உச்சவரம்பை வைத்து ஒப்பேற்றுகிறோம். எவ்வளவு வைப்பது என்று சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது.