பிறந்தநாள் கேக்கைக் கேட்டு வாங்கலாம், தப்பே இல்லை

ஹோட்டலில் பிறந்தநாளுக்கு இலவசமாகக் கொடுப்பதைக் கேட்டு வாங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம் என்பது என் கட்சி. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெங்களூரில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர், 'ஓசியில் கேக் கேட்கிறாள் பார்' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று வாயே திறப்பதில்லை. இன்னொரு கூட்டம், அன்றைக்குப் பிறந்தநாளே இல்லாத ஒருவனை நடுவில் உட்காரவைத்து 'இவனுக்குத்தான் பர்த்டே' என்று கேக் வாங்கித் தின்றுவிட்டு, வெளியே வந்து கைதட்டிச் சிரிக்கிறது. இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கூச்சத்துக்குக் காரணம் புரிகிறது. நம் பழக்கத்தில் பிறந்தநாள்காரர்தான் கொடுக்க வேண்டும். பள்ளியில் புது டிரஸ் போட்டுக்கொண்டு சாக்லேட் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போவோம், ஆபீஸில் மேஜைமேல் ஸ்வீட் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு எல்லாருக்கும் மெசேஜ் போடுவோம், கோயிலில் அர்ச்சனை முடித்துச் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நீட்டுவோம். அப்படி வளர்ந்தவர்களுக்கு வாங்கும் பக்கம் நிற்பது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஹோட்டல்காரர்கள் நம்மேல் இரக்கப்பட்டு இதைக் கொடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு யாரும் தனியாகச் சாப்பிடப் போவதில்லை, நாலு பேரோ எட்டுப் பேரோ சேர்ந்துதான் போகிறோம், அந்த எட்டு பஃபேக்கு முன்னால் அரைக்கிலோ கேக் அவர்களுக்குப் பெரிய செலவே இல்லை. அமெரிக்காவில் டென்னிஸ் என்ற சங்கிலி உணவகம் பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையைக் காட்டினால் அன்றைக்கு ஒரு காலை உணவையே இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. இங்கே, 2006இல் மும்பையில் முதல் கடையைத் திறந்து இப்போது பெங்களூரைத் தலைமையிடமாக வைத்திருக்கும், மேஜையிலேயே கிரில் வைத்துப் பரிமாறும் பஃபே சங்கிலியான பார்பெக்யூ நேஷனில் பிறந்தநாள் மேஜைக்குக் கேக் வருவது ஊருக்கே தெரிந்த விஷயம். இது வியாபாரம். அவர்கள் சொன்ன நிபந்தனைக்குள் இருந்தால் கம்பெனிக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லை.

நாம் கடன்பட்டிருப்பது அந்தக் கேக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனுக்கு. மரியாதை என்று ஒன்று இந்த விஷயத்தில் இருக்கிறது என்றால் அது முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி கோரமங்களாவில் ஏதாவது ஒரு பஃபே ஹோட்டலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே ஹாலில் நாலைந்து பிறந்தநாள் நடக்கும். கையில் கறி கோத்த சூடான கம்பியோடு ஓடிக்கொண்டிருக்கும் அதே பையன்தான் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்ததும் கம்பியை வைத்துவிட்டு, தட்டைத் திருப்பித் தாளம் போட்டுக்கொண்டு, தலையில் தொப்பி மாட்டிவிட்டு, ஆடி முடித்து, மறுபடி கம்பியை எடுக்கிறான். ஒருமுறை நான் கன்னடத்தில் தண்ணீர் கேட்டுவிட்டு அம்மாவிடம் தமிழில் பேசுவதைக் கேட்ட பரிமாறுகிறவர் ஒருவர், "அக்கா, நாங்க கிருஷ்ணகிரிப் பக்கம்" என்று ஆரம்பித்தார். பாடி ஆடுவதெல்லாம் கஷ்டமே இல்லை என்றார். "அந்த பார்ட்டி பாப்பர் வெடிக்கிறாங்க பாருங்க, அந்த ஜிகினா பேப்பர் மேஜை நடுவுல இருக்குற கிரில் குழிக்குள்ள போயிடும் அக்கா. அடுத்த புக்கிங்காரங்க வாசல்ல நிப்பாங்க. கரி எடுத்துட்டு ஒண்ணொண்ணாப் பொறுக்கணும்." சோபா மடிப்பில் அப்பின க்ரீம் இன்னும் மோசமாம், துடைத்தாலும் வாடை போகாது.

அதனால் முகத்தில் கேக் பூசும் வேலையை ஹோட்டலில் தயவுசெய்து வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஸ்னோ ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அந்த டப்பாக்கள் பலவற்றில் இருப்பது எரியும் வாயு, மெழுகுவர்த்திப் பக்கத்தில் அடித்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். மேஜையிலேயே கிரில் எரிகிற இடத்தில் அதைக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் டிப்ஸ். இலவசமாக வந்ததையும் காசு கொடுத்து வாங்கியதாக நினைத்து, அந்த மொத்தத்துக்குக் கணக்குப் போட்டு வையுங்கள். பையன் செய்த வேலை இலவசம் இல்லையே. முடிந்தால் கையிலேயே கொடுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. எடுக்கச் சொன்ன பணத்தை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் பரிமாறினவர் கையில் கொடுத்துவிட்டு வருவதுதான் நான் செய்வது.

தேதி விஷயம் நம் வீடுகளில் கொஞ்சம் சிக்கல். என் அப்பாவுக்கு வீட்டில் பிறந்தநாள் தை மாதம் அனுஷம். சர்டிபிகேட்டில் ஜூன் 1. பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் அவராகவே ஒரு தேதி எழுதிக்கொண்ட தலைமுறை அது, அந்த வயதுக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஜூன் 1 காலையில் பேங்க், நகைக்கடை, போன் கம்பெனி எல்லாம் அப்பாவுக்கு வாழ்த்து அனுப்பும், அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஹோட்டலுக்குப் போகலாம் என்றால், "பொய்யான நாளுக்குக் கேக் வெட்டச் சொல்றியா?" என்கிறார். இதில் நான் அப்பா கட்சி இல்லை. ஹோட்டல் கேட்பது அட்டையில் உள்ள தேதியை, அரசாங்கமே அதைத்தான் உங்கள் பிறந்தநாள் என்கிறது, அதைக் காட்டி வாங்குவதில் பொய் எங்கே வந்தது? தைக்கு ஒருமுறை, ஜூனுக்கு ஒருமுறை என்று ஒரே ஹோட்டலில் இரண்டு தடவை கேட்டால்தான் தப்பு.

அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். ஆதார்தான் இருக்கிறது என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், முழு எண்ணைக் காட்ட அவசியமே இல்லை. போன் நம்பரும் அப்படித்தான். பில் போட நம்பர் கட்டாயம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியிருக்கிறது. ஆனால் பிறந்தநாள் சலுகை வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆப்பில் பதிய வேண்டியிருக்கும், அதற்கு நம்பரும் தேதியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், வருஷம் முழுக்க மெசேஜ் வரும். அந்த விலை சரி என்று பட்டால் பதியுங்கள்.

புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். பில் வந்தபிறகு 'இன்னிக்கு இவளுக்குப் பிறந்தநாள்' என்று ஆரம்பிப்பது அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். இந்திராநகரில் ஒரு ஹோட்டலில் போனில் 'டெசர்ட் ஃப்ரீ மேடம்' என்றார்கள், போய் உட்கார்ந்த பிறகு ஆறு பேர் இருந்தால்தான் என்றார்கள். நாங்கள் நாலு பேர். மேனேஜரிடம் மட்டும் சொன்னோம், பரிமாறுகிறவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது, நிபந்தனையை எழுதியது அவரா? அதற்குப் பிறகு எல்லாவற்றையும் வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். எழுத்தில் கொடுத்துவிட்டு மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பாட்டு வேண்டுமா என்று பிறந்தநாள்காரரை முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் 'ஹேப்பி பர்த்டே' பாட்டுக்கு வார்னர் சாப்பெல் என்ற இசைக் கம்பெனி உரிமை கொண்டாடிக்கொண்டிருந்ததால் ஹோட்டல் சங்கிலிகள் கைதட்டிப் பாட ஆளுக்கொரு சொந்தப் பாட்டு வைத்திருந்தன. 2015இல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது, அடுத்த வருஷம் 1.4 கோடி டாலருக்கு வழக்கு முடிந்து பாட்டு பொதுச்சொத்தானது. இப்போது யாரும் எங்கேயும் பாடலாம், சரி. ஆனால் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்போது எங்கள் அம்மாவுக்கு வியர்த்துவிடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அவளுக்காக 'கேக் மட்டும் போதும், பாட்டு வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறேன். பையன்களுக்கும் ஒரு சுற்று மிச்சம்.

கேட்கவே கூடாத இடங்களும் உண்டு. நின்றபடி சாப்பிடும் தர்ஷினிகள், காந்தி பஜாரில் 1943இலிருந்து நடக்கிற வித்யார்த்தி பவன் மாதிரி வாசலில் எப்போதும் கூட்டம் காத்திருக்கும் இடங்கள், அல்சூர் சந்துகளில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற மெஸ்கள். அவர்கள் எந்தச் சலுகையும் அறிவிக்கவில்லை, ஒரு கேசரி பாத் அவர்களுக்கு லாபத்தில் கை வைக்கிற விஷயம். தெரிந்த முகமாயிற்றே என்று அவர்களாகவே ஒரு தட்டு நீட்டினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அதை அடுத்த தடவையும் எதிர்பார்க்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தானாக வரும் கேக்கில் முட்டை இருக்கலாம். முதல்நாளே எக்லெஸ் என்று சொன்னால் பல இடங்களில் செய்து தருகிறார்கள், சர்க்கரை நோய்க்காரருக்குக் கேக்குக்குப் பதில் பழத்தட்டு கேட்டாலும் தருகிறார்கள். அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்து கேட்டால் கிச்சனில் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.