கடைசி நிறுத்தத்தில் கரைந்துபோகும் பத்து நிமிடம்

மாலைப் பயணங்களில் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கையில் அமர்வது என் நெடுநாள் வழக்கம். சென்ற வாரம் பேருந்து கடைசி நிறுத்தத்தை அடைந்ததும் ஓட்டுநர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் கைகளை மடித்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுத்த நடைக்கான பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். உள்ளங்கையில் நீர் ஊற்றிக் கண்களைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கால அட்டவணையில் அவருக்கு அங்கே பத்து நிமிடம் உண்டு. ஆனால் நெரிசலில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பத்திலிருந்துதான் கழிகிறது என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேலும், ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும் வாகனம் ஓட்டக்கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஆனால் நகரப் போக்குவரத்தை விலக்கிவைக்க அதுவே நாடுகளுக்கு இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியும் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட வழித்தடப் பேருந்துகளுக்குப் பொருந்தாது. குறுகிய தூரம் என்பதால் களைப்பும் குறைவு என்று கருதுவது பெரும் பிழை என்பேன். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக், கதவு, கண்ணாடி, இருசக்கர வாகனங்கள், பயணிகளின் கேள்விகள் என்று கவனம் ஒரு கணமும் இளைப்பாறுவதில்லை.

இதைவிடக் கொடியது பிரித்துத் தரும் பணிநேரம். காலை நெரிசலுக்கு ஒரு பாதி, மாலை நெரிசலுக்கு மறுபாதி. நடுவில் வீட்டுக்குப் போய்வர முடியாத சில மணி நேரம். அதிகாலை 4 மணிக்கு எழுந்தவர் இரவு 9 மணிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தால், அவர் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். அந்நிலையில் ஒருவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடையதைப் போலக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால், பேருந்து 33 மீட்டர் தன்போக்கில் போய்விடும்.

விபத்து நேர்ந்த பின் ஓட்டுநரை மட்டும் விசாரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அட்டவணையை வகுத்தவர்களையும் விசாரிக்க வேண்டும். வண்டி எவ்வளவு தாமதமாக வந்தாலும் கடைசி நிறுத்தத்து ஓய்வு குறையக்கூடாது. "தூக்கம் வருகிறது என்று சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும், அதனால் யாரும் சொல்வதில்லை" என்றார் அந்த ஓட்டுநர். அப்போது அவருக்கு இன்னும் இரண்டு நடைகள் மீதமிருந்தன.